நாலாம் நம்பர் மிஷின்

“இதுல பேஸ்ட்டை அள்ளி அப்பின மூதேவி எவம்ல? சோத்துக்குக் குழம்பு ஊத்துற மாதிரி ஊத்தியிருக்கான். அவன் கையை முறிக்கணும்!”

சொரிமுத்து போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மெஹருன் தலையை நிமிர்த்தவில்லை.

பாளையங்கோட்டையில் மெஹருன் வைத்திருந்தது கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. சொரிமுத்து அவளிடம் தொழில் படிக்க வந்தவர். குருவுக்கு முப்பத்து நாலு வயது, சிஷ்யருக்கு ஐம்பத்தெட்டு. அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார். கோபம் வந்தால் மட்டும் “ஏ பிள்ளை” என்பார். ஒரு நாளில் பாதி நேரம் அவள் பிள்ளையாகத்தான் இருந்தாள்.

மேசையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் திறந்து கிடந்தது. காலையில் ஆட்டோவில் வந்து இறங்கியது. போட்ட கொஞ்ச நேரத்தில் கொதித்துத் தானாக நின்றுவிடுகிறது. பிராசசரையும் அதன் தலைமேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கிற கூலரையும் பிரித்து, நடுவில் காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். கிளிப்பைக் கழற்றியும் கூலர் அசையவில்லை. பேஸ்ட் சிமெண்ட் ஆகியிருந்தது.

“யாருன்னு தெரிஞ்சே திட்டுற மாதிரி இருக்கே, அண்ணாச்சி.”

“தெரியாம என்ன? அவன்தான்.”

மிஷினின் பக்கவாட்டில் நெயில் பாலிஷில் எழுதிய 4 பாதி உரிந்து போயிருந்தது. ராக்கெட் பிரவுசிங் சென்டரின் நாலாம் நம்பர் கேபின். சொரிமுத்துவும் ‘அவனும்’ கூட்டாக நடத்திய சென்டர். பிரிந்த நாளிலிருந்து சொரிமுத்து கூட்டாளியின் பெயரைச் சொன்னதில்லை. இன்று ‘அவன்’ பத்திர ஆபீஸ் வாசலில் மேசை போட்டு, வருகிறவர்களுக்கு மனு டைப் அடித்துக் கொடுக்கிறான். இந்த மிஷினை வைத்துத்தான். இதற்கு மாற்று பிராசசர் எந்தக் கடையிலும் கிடைக்காது. இது போனால் மேசையும் போச்சு.

“ஒரே இழுப்பு. வந்திரும்,” என்று சொரிமுத்து சட்டைக் கையை மடித்தார்.

மெஹருன் ஒரு சின்னத் தகர டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள். அதில் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியும். போன வாரம் இன்னொரு மிஷினில் அவர் இழுத்த இழுப்பு. கூலரோடு பிராசசரும் பல்லைப் பிடுங்கின மாதிரி வந்துவிட்டது. அடியில் இருந்த ஊசிக்கால்களெல்லாம் படுத்துவிட்டன.  மெஹருன் அதை எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள். அவ்வளவுதான்.

“பிராசசரைப் பூட்டி வச்சிருக்கிற லிவர் எங்க இருக்கு?”

“கூலருக்கு அடியில.”

“அப்ப பூட்டைத் திறக்காமலே இழுத்திருக்கீங்க.”

“திறக்க வழியே இல்லையே, ஏ பிள்ளை! கூலர்லா மேல உக்காந்திருக்கு!”

“ஆமா,” என்றாள். கிளிப்பைத் திரும்ப மாட்டி, மிஷினைப் போட்டுவிட்டாள். “ஓடட்டும்.”

“பிரிக்கணும்னு சொல்லிட்டு ஓட விடுதீங்க?”

“பேஸ்ட் இளகணும்னா சூடேறணும்.”

“எனக்கு ஏறிட்டு.”

“உங்களுக்கு இல்ல. அதுக்கு.”

ஃபேன் கரகரவென்று சுற்ற ஆரம்பித்தது. அந்தச் சத்தம் சொரிமுத்துவுக்குப் பழக்கமான சத்தம். மிஷின் பக்கம் குனிந்து கேட்டார்.

“இதை மெட்ராஸ் ரிச்சி தெருவுல எடுத்தோம். நான் விலை பேசுதேன். படியலைன்னு கடையை விட்டு இறங்கிட்டேன். அவன் வாசல்ல அட்டைப் பெட்டியைப் பிடிச்சிட்டே நிக்கான். ‘லே, எடுத்துட்டோம்னு நெனச்சு மூணு பெட்டியக் கட்டிட்டேன்’ங்கான். கடைக்காரன் சிரிச்சிட்டான். சிரிச்சவன் விலையில எறங்கி வந்துட்டான்.”

மெஹருன் ஸ்பிரிட் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“நாலாம் நம்பர்ல சனிக்கிழமை புருசன்கிட்ட நெட்ல பேச வர்ற துபாய்க்காரங்க வீட்டுப் பொம்பளைங்கதான். காதுல ஹெட்போன் மாட்டினா சத்தம் தெரியாதுல்லா. மாமியாரைப் பத்திக் கத்திச் சொல்லுவாங்க. சென்டர் பூரா கேக்கும். அவன் உடனே ரேடியோவைக் கூட்டி வச்சிருவான்.”

“ரிசல்ட் அன்னைக்கு?”

“கேக்கவே வேண்டாம். தெரு வரைக்கும் கூட்டம். நான் நம்பரை வாங்கி மார்க்கை உரக்கப் படிப்பேன். பெயிலான பிள்ளை மார்க்கை மட்டும் அவன் என்னைப் படிக்க விடமாட்டான். உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, ஒரு பன்னீர் சோடாவை உடைச்சுக் குடுத்து, குடிச்சு முடிச்ச பொறவுதான் சொல்லுவான். பன்னீர் சோடாக் கணக்கு மட்டும் அன்னைக்கு…” சொரிமுத்து சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“பொறவு ஏன் பிரிஞ்சீங்க?”

“எல்லார் கையிலயும் போன் வந்துட்டு, இனி எவனும் வரமாட்டான், மூடிருவோம்னான். சென்டரை வச்சதே நான்தான்னு கோவம் வந்துட்டு. நாலு பேர் பாக்க அவன் கையில இருந்த சாவியைப் பிடுங்கினேன். ‘வெளிய போலே’ன்னேன். போயிட்டான்.”

“அவர் சொன்ன மாதிரி ஆயிட்டோ?”

“ஆயிட்டு,” என்றார் சுவரைப் பார்த்து.

மிஷின் டக்கென்று நின்றது. கொதிப்பு ஏறிவிட்டது. மெஹருன் வயரைப் பிடுங்கி, கிளிப்பைக் கழற்றி, கூலரைக் காட்டினாள்.

“பிடிங்க. தூக்காதீங்க. இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் திருப்புங்க. இறுகின பாட்டில் மூடி மாதிரி.”

திருப்பினார். கூலர் அசைந்த மாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது. மணிக்கட்டு மேல்நோக்கிப் போகப் பார்த்தது. அவரே நிறுத்திக்கொண்டார்.

“வரல, டீச்சர்.”

“திரும்ப மாட்டுங்க. இன்னொரு வாட்டி ஓடட்டும்.”

இந்த முறை அவர் சண்டை போடவில்லை. மிஷின் ஓடி, கொதித்து, நின்றது. மறுபடி திருப்பினார். இடம், வலம், இடம். உள்ளே ஏதோ மெல்ல வழுகியது. கூலர் வெறுங்கையாக மேலே வந்தது. பிராசசர் பூட்டிய இடத்திலேயே, ஒரு ஊசியும் வளையாமல் உட்கார்ந்திருந்தது.

சொரிமுத்து பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தார். கண்ணாடி மாதிரி ஆகும்வரை துடைத்தார். அரிசியளவு பேஸ்ட் வைத்துக் கூலரை மாட்டினார். மிஷின் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

“எங்க வீட்ல எனக்கும் ராக்கெட்லதான் ரிசல்ட் பாத்தாங்க,” என்றாள் மெஹருன்.

“அப்படியா! எவ்வளவு மார்க்?”

“பன்னீர் சோடா குடுத்தாங்க.”

சொரிமுத்து அவளைப் பார்த்தார். பிறகு உரிந்துபோன 4-ஐப் பார்த்தார்.

அவள் மிஷினை மூடி, மேலே அந்தத் தகர டப்பாவை வைத்தாள். “பத்திர ஆபீஸ் வாசல்ல மேசை காலையில இருந்து சும்மா கெடக்கு. ஆட்டோ வரச் சொல்லியிருக்கேன். கொண்டு போய்க் குடுத்துட்டு வாங்க.”

“நானா? நல்லாருக்கே! ஒட்டினவன் அவன். அவன் வரட்டும். வந்து சரி பண்ணட்டும்.”

“ஒட்டினது யாருன்னு நான் கேக்கல, அண்ணாச்சி,” என்றாள் மெஹருன். “ஆறிக் கெடக்கும்போது இழுத்தவர் யாரோ, சாவியைப் பிடுங்கினவர் யாரோ, அவர் இனியாவது போய்ச் சரி பண்ணட்டும்.”