காவலுக்கு நின்ற முருங்கை

வடக்கே ஒரு பேரரசு, தெற்கே ஒரு பேரரசு. நினைத்தால் மோதிக்கொள்ளும். நடுவில் மாட்டிக்கொண்டது அரட்டன் என்ற சிற்றரசனின் குன்றூர். எவன் எங்கே படையெடுத்தாலும் வழி அந்த ஊர்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதைக் குன்றூர்க்காரர்களிடம் போய் யாரும் விளக்க வேண்டியதில்லை.

பேரரசுக்காரர்கள் போருக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். கோட்டை வாசலில் ஒரு காவல் மரம் நிற்கும். ஊர்க்காரர்கள் அதில் ஓர் இலைகூடக் கிள்ளக்கூடாது. வருகிற எதிரி தன் யானையை அதில் கட்டுவான். பிறகு மரத்தைச் சாய்த்து, அடிமரத்தைக் குடைந்து முரசு செய்வான். அந்த முரசு முழங்கினால்தான் வெற்றி. அப்புறம்தான் கொள்ளை. சாய்த்த மரத்தின் பெயரிலேயே ஒரு பட்டமும் சூட்டிக்கொள்வான். ஒருவன் 'வேங்கை வீழ்த்தினான்' ஆனான், அடுத்தவன் 'கடம்பு கொய்தான்' ஆனான். பட்டம் அவர்களுக்கு, பட்டினி குன்றூருக்கு.

அரட்டன் தன் அமைச்சன் காரியைக் கூப்பிட்டான்.

"வெட்டினாலும் சாகாத மரம் ஒன்றை நட்டு வை. அடுத்த படை வரும்போது ஊரில் ஒரு பிடி நெல் போனாலும், நீ பெண்டாட்டி பிள்ளையோடு ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான்."

காரி மறுநாளே ஒரு முருங்கைக் கொம்பை ஒடித்துவந்து வாசலில் ஊன்றினான்.

"முருங்கையா? இதற்கு வேதாளம்தான் குடிவரும், காரி. ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் அரசே. அழுததுதான் போதுமே."

ஒரு வருஷத்தில் முருங்கை கோட்டை மதில் உயரம் வளர்ந்து, கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தொங்கியது. காவல் மரமாயிற்றே, யாரும் தொடவில்லை. வயலில் நெல்லும் முற்றியது. மோப்பம் பிடித்தவன் மாதிரி வடக்குத் தளபதி வீரகேது படையோடு வந்து சேர்ந்தான்.

அரட்டன் எதிர்த்துப் போரிடவில்லை. கோட்டைக் கதவைத் திறந்துவிட்டு, காரியை முறைத்தபடி நின்றான்.

யானையைக் கொண்டுவந்து மரத்தில் கட்டினார்கள். அது நிதானமாகக் கீரையைத் தின்றது. பிறகு முதுகு அரித்ததோ என்னவோ, லேசாக உராய்ந்தது. மரம் மடமடவென்று முறிந்து விழுந்தது.

படைத் தச்சன் உளியை வைத்தான். கட்டை பொலபொலவென்று உதிர்ந்தது.

"முருங்கை பருத்தால் தூணே ஆகாது ஐயா. முரசுக்கு எங்கே போக?" என்றான்.

எப்படியோ குடைந்து தோலைக் கட்டி அடித்தார்கள். பொத்தென்று ஒரு சத்தம் வந்தது, அதோடு அது இரண்டாகப் பிளந்தது. வீரர்கள் கொள்ளைக்குக் கொண்டுவந்த சாக்குப்பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். முரசு இல்லையென்றால் கொள்ளை ஏது?

வீரகேதுவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வேறு மரத்தில் முரசு செய்து அடிப்பேன்."

காரி கைகட்டி முன்னால் வந்தான். "தாராளமாகச் செய்யுங்கள் தளபதியாரே. ஆனால் பட்டம் காவல் மரத்தின் பெயரில்தானே வரும்? 'முருங்கை முறித்தான்' என்று இப்போதே கல்லில் வெட்டச் சொல்லட்டுமா? அதிலும் ஒரு சிக்கல். முறித்தது உங்கள் யானை. பட்டம் அதற்குப் போகுமோ என்று யோசிக்கிறேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

வீரகேது காரியின் பக்கம் குனிந்தான். "நாங்கள் இந்த வழியாக வரவே இல்லை. புரிகிறதா?"

"யார் வந்தார்கள்? நான் யாரையும் பார்க்கவில்லையே" என்றான் காரி.

படை ஒரு நெல்மணியைக்கூடத் தொடாமல் போயிற்று. காரி முறிந்த கிளைகளைப் பொறுக்கி மதிலோரம் வரிசையாக ஊன்றினான். ஒன்று இருபது ஆயிற்று. முறிந்த அடிமரமும் பதினைந்தே நாளில் துளிர்த்தது.

அரட்டனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. "பொன் வேண்டுமா, நிலம் வேண்டுமா? கேள் காரி."

"இருபதில் ஒரு மரத்துக்கு மட்டும் காவல் வேலையிலிருந்து ஓய்வு கொடுங்கள் அரசே. கண்ணெதிரே அத்தனை காய் தொங்கியும், வீட்டில் இத்தனை நாளும் வெறும் புளிக்குழம்புதான்."

அரட்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இரண்டு மரத்துக்குக் கொடுத்தேன் ஓய்வு. உன் வீட்டுக்கு ஒன்று, அரண்மனைக்கு ஒன்று. மாடத்தில் நின்று நான் விழுங்கிய எச்சில் எனக்குத்தான் தெரியும்."