நிலைப்படியின் நடுவில்

கும்பகோணத்தில் தெய்வநாயக ஆசாரி கைவைத்த பழைய வீட்டைப் பழுது பார்த்த வீடு என்று யாராலும் சொல்ல முடியாது. அத்தனை சுத்தமான வேலை. போன தையில், பாட்டன் கட்டிய சொந்த வீட்டையும் அப்படித்தான் செய்து முடித்தார். பார்ப்பதற்கு வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஆசாரிக்குத் தலைகால் புரியவில்லை.

புரியாமல் போனது இன்னொன்றும் உண்டு. அதன் பிறகு அவர் மனைவி அபயாம்பாள் வாசலுக்கு வருவதையே விட்டிருந்தாள். முழங்கால் வலி. தலைவாசலின் தேக்கு நிலைப்படி முழ உயரம். காலைத் தூக்கித் தாண்ட முடியவில்லை. மிதித்து ஏறவும் மனம் வரவில்லை; நிலைப்படியில் லட்சுமி இருக்கிறாள் என்று கேட்டு வளர்ந்தவள். கோலத்தைப் பக்கத்து வீட்டுப் பெண் போட்டாள். கடைசியில் ஒருநாள், திருச்சியில் மகள் வீட்டோடு போய்விடுகிறேன், அங்கே தரை சமமாக இருக்கும் என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகச் சொன்னாள். ஆசாரி ஆடிப்போனார்.

மடத்துக்கு ஓடினார். மடத்துச் சாமி அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் ஆசாரிக்கு அவர்தான் குரு.

"படியை அறுத்தா பாட்டன் கைவேலையை அறுத்த பாவம். அறுக்காட்டி அவ போயிடுவா. அவ இல்லாம எனக்கு ஒரு வாய் சோறு இறங்காது. நான் என்ன செய்யட்டும் சாமி?"

"நாளைக்கு உங்க வீட்டுலதான் பிட்சை" என்றார் சாமி.

வீட்டம்மா வாசலுக்கு வந்து கால் கழுவத் தண்ணீர் கொடுத்து அழைத்தால்தான் அந்த மடத்துச் சாமிகள் படியேறுவார்கள். மறுநாள் உச்சி வெயிலில் சாமி வாசலில் நின்றார். உள்ளிருந்து செம்புத் தண்ணீரோடு வந்த அபயாம்பாள் நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள். நானே தண்ணீர் தருகிறேன் என்று ஆசாரி கெஞ்சிப் பார்த்தார். அம்மா வரட்டும் என்று சொல்லிவிட்டார் சாமி.

காத்து நின்ற நேரத்தில் சாமி குனிந்து நிலைப்படியைத் தடவினார். "எல்லாம் அந்தக் காலத்து மரமா?"

ஆசாரிக்கு வெயிலே மறந்துவிட்டது. நடுவில் மட்டும் தாம் வைத்தது என்றார். முன்னே எவனோ ஒரு முட்டாள் அங்கே பள்ளமாக வெட்டி வைத்திருந்தானாம். அதே வயதுத் தேக்காகத் தேடி அலைந்து நிரப்பினாராம். ஒட்டு தெரிகிறதா பாருங்கள் என்றார்.

"தெரியலை. அந்தப் பள்ளம் எப்படி இருந்தது? கோடாலியால கொத்தின மாதிரியா?"

"இல்லை சாமி, வேலை தெரிஞ்ச கை. அழகா வளைச்சு எடுத்து, விளிம்பையெல்லாம் மழுக்கி, சேலை ஓரம்கூட மாட்டாதபடி..."

ஆசாரி பள்ளம் இருந்த இடத்தைத் தொட்டார். மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"ஏன்டி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அபயாம்பாள் செம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவ்வளவு ஆசையா வெச்சீங்க. எடுங்கன்னு எப்படிச் சொல்லுவேன்?"

ஆசாரிக்குக் கண் நிறைந்துவிட்டது. "அறுத்துடட்டுமா சாமி?" என்று கேட்டார்.

"அறுக்க வேண்டியதை உங்க பாட்டன் அப்பவே அறுத்துட்டார். நீங்க வெச்சதை எடுங்க, போதும்" என்றார் சாமி. "சீக்கிரம் உளியை எடுத்துட்டு வாங்க. எனக்குப் பசிக்குது."