அடியில கிடந்த பயறு

வந்தவாசிப் பக்கம் ஒரு ஏரிக்கரை ஓரமா சின்ன மடம் ஒண்ணு இருந்துச்சு. செங்கல் சூளை வேலைக்கு ஊர் ஊரா போறவங்க, பிள்ளைங்களை அங்க விட்டுட்டுப் போவாங்க. படுக்கப் பாய், சாப்பாடு, படிப்பு எல்லாம் மடத்துலயே. இருபது பிள்ளைங்களுக்குத்தான் இடம்.

மடத்துக்குக் குரு சின்ன சாமி. வயசு முப்பத்தாறு. அவரோட சிஷ்யர் திருஞானம். வயசு அறுபதைத் தாண்டியாச்சு. காலேஜ்ல தமிழ் புரொபசரா இருந்து ரிட்டயர் ஆனவரு. ஞானம் வேணும்னு வந்து நின்னாரு. சாமி அவரை ஏற இறங்கப் பாத்துட்டு, பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தச் சொல்லிட்டாரு.

வந்த வேகத்துல புரொபசர் ஒரு சட்டம் போட்டாரு. விடிஞ்சதும் பிள்ளைங்க ஏரி மதகு வரைக்கும் ஓடிட்டு வர்றது அங்க வழக்கம். அது வீண் பொழுதுன்னு நிறுத்தினாரு. அந்த நேரத்துல தினம் ஒரு பாட்டு மனப்பாடம். ஒழுங்கா சொன்னவங்க கஞ்சி வரிசையில முன்னாடி. தடுமாறினவங்க பின்னாடி. சொல்லவே வராதவங்க கடைசி.

புரொபசருக்கு வரிசை கிடையாது. அவர் ரூமுக்கே நாலு இட்லி போயிடும்.

ஒரு மாசம் ஆச்சு. ஒரு சாயங்காலம் சாமி கிணத்தடியில துணி அலசிக்கிட்டு இருந்தாரு. புரொபசர் வந்து நின்னாரு.

"சாமி, அந்த அமுலுவை வீட்டுக்கு அனுப்பிடலாம்."

"ஏங்க ஐயா?"

"நான் வந்த புதுசுல நல்லாத்தான் பாட்டு சொன்னா. இப்ப ஒரு வரி நிக்க மாட்டேங்குது. தினம் அவதான் கடைசி. இங்க ஒரு இடம் கிடைக்காதான்னு வெளிய ஒரு பையன் காத்துக்கிட்டு இருக்கான்."

"வீட்டுக்குன்னா, எங்க?"

"அவங்க அம்மா இருக்கிற சூளைக்குத்தான்."

"போய் என்ன செய்வா?"

"கல்லு திருப்பிப் போடுவா."

சாமி வேட்டியைப் பிழிஞ்சாரு. "கணக்கு எப்படிப் போடுறா?"

"அதுதான் சாமி வேடிக்கை. பதினோரு மணிக்குக் கணக்குன்னு உக்காந்தா டாண் டாண்ணு சொல்றா. ஏழுமலை அதுக்கு நேர் மாறு. பாட்டுல அவன்தான் முதல். கணக்குக்கு உக்காந்தா தூங்கி வழியுறான். பாட்டு மூளை வேற, கணக்கு மூளை வேறன்னு ஒரு கட்டுரை எழுதலாம்னு இருக்கேன்."

"தாராளமா எழுதுங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் இட்லியை நிறுத்துங்க. பிள்ளைங்களோட உக்காந்து பாட்டு சொல்லுங்க. வரிசையில நில்லுங்க. அப்புறமும் அனுப்பணும்னு தோணுச்சுன்னா, நானே அவளைக் கூட்டிட்டுப் போய் பஸ் ஏத்தி விடுறேன்."

புரொபசருக்குச் சிரிப்பு வந்துச்சு. பாட்டு சொல்றது அவருக்கு ஒரு வேலையா?

மறுநாள் காலையில அவர்தான் முதல் ஆளா எழுந்து பாட்டைச் சொன்னாரு. ஏத்த இறக்கத்தோட, கையை ஆட்டி, கடைசி வரியை ரெண்டு தடவை. சட்டாம்பிள்ளை ஏழுமலை, "சரிங்க ஐயா, முன்னாடி போங்க"ன்னு பெருந்தன்மையா விட்டான்.

பயறு போட்டுக் காய்ச்சின கஞ்சி. சமையல்காரர் கன்னியப்பன் பெரிய அண்டாவுல மேலாக்க மொண்டு தட்டுல ஊத்தினாரு. புரொபசர் குனிஞ்சு பாத்தாரு. தட்டுல அவரு மூஞ்சி தெரிஞ்சுது. பயறு தெரியல. துறவுக்கு வந்த இடத்துல பயறு எங்கன்னு கேக்கக் கூடாதுன்னு குடிச்சு முடிச்சாரு.

தட்டு கழுவப் போகும்போது அமுலுவைத் தாண்டிப் போனாரு. அவ தட்டுல பயறு மேடு தட்டிக் கிடந்துச்சு. "கன்னியப்பனுக்குச் சொந்தக்காரப் பொண்ணோ?"ன்னு நெனச்சுக்கிட்டாரு.

பத்து மணிக்கே வயிறு கூப்பாடு போட்டுச்சு. பதினோரு மணிக்குப் போர்டு முன்னாடி நின்னப்ப காலு கனத்துப் போச்சு. "ஏழெட்டு..."ன்னு ஆரம்பிச்சவரு ஐம்பத்து நாலுன்னு எழுதிட்டாரு.

"ஐம்பத்தாறு ஐயா"ன்னு ஒரு குரல். அமுலு.

"ஆமா. நீங்க கவனிக்கிறீங்களான்னு பாத்தேன்."

பிள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிச்சுங்க. ஏழுமலை மட்டும் பாக்கல. அவன் தூக்கத்துல இருந்தான்.

ரெண்டாம் நாள். அன்னிக்குப் பாட்டு, காலேஜ்ல அவரு வருஷா வருஷம் நடத்தின பாட்டு. தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவாரு. மூணாவது வரி வரைக்கும் வந்தாரு. அங்க அமுலுவோட தட்டு அவரு கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

"அப்புறம்... அப்புறம்..."

"எடுத்துக் குடுக்கட்டுங்களா ஐயா?"ன்னான் ஏழுமலை.

"வேணாம்பா. மறந்துடுச்சு."

"அப்ப கடைசிக்குப் போங்க ஐயா. சட்டம்னா சட்டம்."

அத்தனை பிள்ளைங்களும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்க, புரொபசர் தட்டை எடுத்துக்கிட்டு வரிசையோட வாலுக்குப் போனாரு. அமுலு ஏற்கனவே அங்க நின்னுக்கிட்டு இருந்தா. அவரை அண்ணாந்து பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா.

"ஐயா, நெசமாவே மறந்துட்டீங்களா?"

புரொபசர் கூரையைப் பாத்தாரு.

"இல்ல, மறந்த மாதிரியா?"

கூரையில பாக்க ஒண்ணும் இல்ல. அவரு மெதுவா கீழ குனிஞ்சாரு. "நீ?"

அவ சிரிப்பை அடக்க முடியாம தட்டால முகத்தை மறைச்சுக்கிட்டா. அப்புறம் அவரு கையைப் பிடிச்சு இழுத்துத் தனக்குப் பின்னாடி நிறுத்தினா.

"நீங்க கடைசியில நில்லுங்க ஐயா. கடைசி ஆளுக்குத்தான் ரொம்பக் கெட்டி. கொஞ்சம் தீஞ்ச வாசனை அடிக்கும். பரவால்ல."

"கன்னியப்பன் ஏன் கிண்டி ஊத்த மாட்டேங்கிறாரு?"

"கிண்டினா அடிப்பிடிச்சது மேல வந்துடுமாம். எல்லாரும் மூஞ்சி சுளிப்பாங்களாம்."

ரெண்டு பேரும் வேப்பமரத்தடியில உக்காந்தாங்க. புரொபசர் அள்ளி அள்ளிச் சாப்பிட்டாரு. பாதித் தட்டு காலி ஆனதும் கேட்டாரு.

"அமுலு, இன்னிக்குப் பாட்டு உனக்குத் தெரியுமா?"

அவ வாயில இருந்த பயறை மென்னுக்கிட்டே முழுப் பாட்டையும் சொன்னா. கேக்காமலே நேத்துப் பாட்டு. அதுக்கு முந்தின பாட்டு. அவரு மறந்ததா சொன்ன வரியில மட்டும் நிறுத்தி, ஒரு பார்வை பாத்துட்டுச் சொன்னா.

"அப்ப காலையில ஏம்மா சொல்லல?"

"சொன்னா முன்னாடி நிக்கணுமே. தண்ணியை மட்டும் குடிச்சுட்டு உக்காந்தா கணக்கு வராது ஐயா. எழுத்தெல்லாம் ஆடும்."

"ஏழுமலைகிட்ட இதைச் சொல்லலையா?"

"சொன்னேன். முன்னாடி நிக்கிறதுதான் கெத்துன்னுட்டான்."

புரொபசர் தட்டைக் கீழ வெச்சாரு. சட்டம் போட்டவரு யாருன்னு அவ சொல்லல. அவருக்கே தெரிஞ்சுது.

"உன்னைச் சூளைக்கு அனுப்பிடலாம்னு நெனச்சேன்மா."

அவ மென்னுக்கிட்டு இருந்ததை நிறுத்தினா. "பாட்டு சொல்லாததுக்கா? நாளைக்குச் சொல்லிடுறேன் ஐயா. முன்னாடியே நின்னுக்கிறேன்."

புரொபசர் தன் தட்டுல மிச்சம் இருந்த பயறை வழிச்சு அவ தட்டுல போட்டுட்டு எழுந்தாரு.

சாமி திண்டுல சாய்ஞ்சு சுவடி பாத்துக்கிட்டு இருந்தாரு.

"அமுலு எங்கயும் போகலை சாமி."

"சரிங்க. அந்தக் கட்டுரை?"

"அதுவும் வேணாம். நாளையிலேர்ந்து முதல்ல கஞ்சி. கரண்டியை நானே வாங்கி அடியோட கலக்கி ஊத்துறேன். தீயாம காய்ச்சுறதுக்குக் கன்னியப்பன் பக்கத்துலயே நிக்கிறேன். சாப்பிட்டுக் கொஞ்சம் பொறுத்து மதகு வரைக்கும் ஓடிட்டு வரட்டும். அதுக்கு அப்புறம்தான் பாட்டு."

"நீங்களும் ஓடுவீங்களா?"

"எனக்கு முட்டி வலி சாமி."

"அப்ப நடங்க."

புரொபசர் போகலை. தூணைப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு.

"சாமி, ஆயுசு பூரா நடத்தின பாட்டு அது. ஒரே ஒரு நாள் கஞ்சித்தண்ணி குடிச்சேன். மறுநாள் பாட்டை விட்டுட்டுப் பயறு பின்னாடி போயிட்டேனே. இவ்வளவு படிச்ச புத்தி எங்க சாமி போச்சு?"

சாமி சுவடியை மூடினாரு.

"எங்கயும் போகலைங்க ஐயா. தட்டை ஏந்திக்கிட்டுக் கஞ்சி வரிசையில நின்னுச்சு. அதை அதட்டிக் கூப்பிட்டா வராது. ஊத்தி அனுப்பினா வரும்."