கரிச்சானுக்கு ஊட்ட வந்த கவளம்

அந்தக் காலத்தில் பறவைகளுக்கெல்லாம் பேச்சு இருந்தது. பேச்சு இருந்ததால் முறை இருந்தது. முறை இருந்ததால் அதைச் சொல்லி ஏய்க்கிறவர்களும் இருந்தார்கள். காக்கையைப் பார், ஒரு பருக்கை கிடைத்தாலும் கூட்டத்தைக் கூப்பிடாமல் தின்னாது என்று இன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சொல்லட்டும். அந்தக் கூட்டத்துக்கு வெளியே நின்றவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.

வெளியே நின்றவள் பெயர் மையாள். கரிச்சான் குருவி. அப்போதெல்லாம் கரிச்சானுக்கு வால் பிளந்திருக்காது. மற்றக் குருவிகளைப் போல அகலமாக, முழுசாக இருக்கும். அவளும் அவள் புருஷன் சிலும்பனும் கண்மாய்க் கரையில் தனியாக நின்ற ஒரு கருவேல மரத்தில் குடியிருந்தார்கள். முதல் அடையில் பொரித்த குஞ்சுகளை வல்லூறு வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு பேர் கத்தி என்ன ஆகும்? நாலு பேர் துணை உள்ளவன் பிள்ளைதான் பிழைக்கும் என்று மையாள் அன்றைக்கு முடிவு கட்டினாள்.

நாலு பேர் என்றால் அந்தப் பக்கத்தில் காக்கைகள்தான். கண்மாய்க்கு மேற்கே இருந்த இலுப்பைத் தோப்பு முழுக்க அவர்கள் குடியிருப்பு. ஒரு கூட்டின் மேல் வல்லூற்றின் நிழல் விழுந்தால் போதும், தோப்பே எழுந்து வரும். மையாள் நேராக அங்கே போனாள். கூட்டத்தின் பெரியதனக்காரர் கொத்தாளன் உயரமான கிளையில் உட்கார்ந்திருந்தார். அண்டங்காக்கை; கனத்த அலகு; அவசரப்படாமல் பேசுகிறவர்.

"ஐயா, எங்களையும் உங்க கூட்டத்துல சேத்துக்கணும்" என்றாள் மையாள். "எந்தச் சோலின்னாலும் செய்றோம். எம்பிள்ளைகளுக்கு ஒரு துணை வேணும்."

கொத்தாளன் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தார். "சேத்துக்கிறதுக்கு என்னத்தா, தாராளமாச் சேத்துக்கலாம். ஆனா எதுக்கும் ஒரு முறை இருக்குல்ல."

காக்கைகளின் முறையில் ‘சேர்த்தல்’ என்பதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. தோப்பில் வந்து தங்கினால் சேர்ந்ததாகாது. கூட நின்று உழைத்தாலும் சேர்ந்ததாகாது. ‘நீ நம்ம ஆளு’ என்று நூறு பேர் சொன்னாலும் ஆகாது. கூட்டம் முழுக்கக் கூடியிருக்க, பெரியதனக்காரர் தன் அலகிலிருந்து ஒரு கவளத்தை எடுத்து வந்தவரின் வாயில் ஊட்டி, ‘சேர்த்துக்கொண்டோம்’ என்று சொல்ல வேண்டும். கவளம் தொண்டைக்குள் இறங்கிவிட்டால் அதன் பிறகு அவர் கூட்டில் எந்தக் காக்கையும் அலகு வைக்காது. அவருக்கு ஒன்று என்றால் தோப்பே எழும். அதற்கு முந்தின நொடி வரைக்கும் அவர் யாரோ.

"கவளம் எப்ப ஐயா ஊட்டுவீக?"

"பொறுத்தா. மொதல்ல நாலு பேரு உன்னைய அறிய வேணாமா?"

சரி, அறியட்டும் என்று தோப்பின் ஓரத்து மரத்தில் குடியேறினார்கள். கோழி கூவுவதற்கு முன்னால் மையாள் எழுந்துவிடுவாள். உச்சிக் கொம்பில் உட்கார்ந்து நாலு திசையும் பார்ப்பாள். பாம்பு ஏறினால் சீழ்க்கை அடிப்பாள். வல்லூறு வந்தால், தோப்பு பின்னால் இருக்கிற தைரியத்தில் சிலும்பன் அதன் முதுகிலேயே ஏறிக் கொத்தி விரட்டுவான். காக்கைகள் அந்த வருஷம்தான் விடிந்து வெயில் ஏறும்வரை தூங்கின.

வல்லூறு வட்டமிடும்போது தோப்பில் எல்லாருக்கும் ஒரே பேச்சு: "எங்க நம்ம மையா? நம்ம மையாளக் கூப்பிடு!" கோயில் வாசலில் சோறு வைத்துவிட்டால் பேச்சு மாறிவிடும். "இந்தக் கரிச்சானுக்கு இங்க என்ன சோலி? இது சேந்தவுக திங்கிற சோறு." காலையில் நம்ம மையாள், மத்தியானம் இந்தக் கரிச்சான். மையாள் ஒவ்வொரு கூட்டத்திலும் கவளத்தைப் பற்றிக் கேட்டாள். ஒரு கூட்டத்தில் மழை வந்தது. இன்னொன்றில் யாரோ ஒரு கிழக் காக்கைக்கு உடம்புக்கு ஆகவில்லை. மற்றொன்றில் கொத்தாளன் கேட்காதது போலவே எழுந்து பறந்துவிட்டார்.

சிலும்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவனுக நம்மள வேலைக்கு வச்சிருக்கானுக, சேக்க மாட்டானுக. உனக்கு இது வெளங்கலையா?"

"வெளங்காமலா?" மையாள் சீறினாள். "வெளங்கி என்ன செய்ய? திரும்ப அந்தக் கருவேலத்துல போயி உக்காந்து, பிள்ளையத் தூக்கிட்டுப் போறத அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீகளா?"

சிலும்பன் எழுந்து மறுபடியும் காவலுக்குப் போனான். அந்தக் குஞ்சுகள் கத்தினது அவன் காதிலும்தான் இருந்தது.

பங்குனியில் மையாள் மூன்று முட்டை இட்டாள். வெள்ளை ஓடு, அதில் செம்மண் தெறித்தது போலப் புள்ளிகள். இனிமேல் பொறுக்க முடியாது என்று அவள் கொத்தாளன் முன்னால் போய் உட்கார்ந்தாள். "ஐயா, முட்டை வச்சிட்டேன். இன்னும் எத்தனை காலத்துக்கு நான் யாரோ? சேக்கிறதா இருந்தாச் சேருங்க, இல்லேன்னா இல்லேன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லுங்க."

கொத்தாளன் அன்றைக்கு அதிசயமாகச் சிரித்தார். "நாளைக்கே வச்சுக்குவோம்த்தா. புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் வரணும். கூட்டுல ஆள விட்டுட்டு அரை மனசா வர்றவுகளச் சேக்கிற வழக்கம் இல்ல."

"முட்டை தனியாக் கெடக்குமே ஐயா."

"அதுக்கென்ன, நம்ம ஓரக்கண்ணனக் காவலுக்கு நிப்பாட்டுறேன். இனிமே அது நம்ம முட்டையில்ல?"

ஓரக்கண்ணன் கொத்தாளனின் கையாள். எதையும் நேராகப் பார்க்காத காக்கை. மையாளுக்கு நெஞ்சில் ஏதோ இடறத்தான் செய்தது. ஆனால் கூட்டுக்குக் காவல் போடுகிறார் என்றால் மனசளவில் சேர்த்துவிட்டார் என்றுதானே பொருள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பாவம், காக்கைகள் அகராதியில் மனசளவு என்று ஒரு அளவே இல்லை என்பதை மறந்துவிட்டாள்.

மறுநாள் காலை தோப்பே திரண்டிருந்தது. மையாளும் சிலும்பனும் குளித்து, சிறகைக் கோதிக்கொண்டு, நடுக்கிளையில் உட்கார்ந்தார்கள். சேர வருகிறவர்கள் கவளத்துக்குத் தவிர வேறு எதற்கும் வாய் திறக்கக் கூடாது என்பதும் ஒரு முறை. கொத்தாளன் பேச ஆரம்பித்தார். காக்கைக் குலத்தின் பெருமையைப் பேசினார், கூடி உண்பதன் சிறப்பைப் பேசினார், பேசியதையே மறுபடியும் பேசினார். வெயில் ஏறியது. ‘சீக்கிரம் முடியேன், முட்டை ஆறிவிடும்’ என்று மையாள் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இனிமேல் என் பிள்ளைக்கு ஒன்று என்றால் இவ்வளவு பேரும் எழுந்து வருவார்கள்.

அப்போது ஓரக்கண்ணன் பறந்து வந்து இறங்கினான். அலகில் எதையோ வைத்திருந்தான். கொத்தாளனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினான். இவன் இங்கே இருந்தால் கூட்டில் யார் இருக்கிறார்கள்? மையாளுக்குத் திக்கென்றது. கேட்க வாய் வந்தது. முறை இருக்கிறதே என்று விழுங்கிக்கொண்டாள்.

கொத்தாளன் குனிந்து கவளத்தை நீட்டினார். மையாள் வாயைத் திறந்தாள். மஞ்சளாக, கொழகொழவென்று ஏதோ அலகைத் தொட்டது. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த சிறு ஓடு ஒன்று அவள் வாயோரத்தில் ஒட்டியது. இன்னொரு ஓட்டுத் துண்டு கிளையில் விழுந்தது. வெள்ளை ஓடு. செம்மண் தெறித்தது போலப் புள்ளிகள்.

மையாள் துள்ளிப் பின்னால் விழுந்தாள். "இது என் முட்டை!"

"பேசாம வாங்கிக்கத்தா" என்றார் கொத்தாளன், மழை வருமா என்று கேட்கிற குரலில். "சபை காத்துக்கிட்டு இருக்கு."

"ஐயா, இது என் முட்டை! காவலுக்கு ஆள் போட்டீகளே!"

"சேந்தவுக கூட்டுல நாங்க அலகு வைக்கிறதில்ல. அது முறை. நீ இன்னும் சேரலையே. சேந்ததுக்கப்புறம் தொட்டிருந்தாக் குத்தம். இந்த நிமிசம் வரைக்கும் அது வெளியாள் முட்டை. தின்னதுல என்ன குத்தம்? ஓரக்கண்ணன் ரெண்டு, சபைக்கு ஒண்ணு. கவளத்தை வாங்கிக்க. இனிமே வைக்கிற முட்டைய ஒருத்தனும் தொட மாட்டான்."

"நியாயந்தானே" என்றது ஒரு கிழக் காக்கை. தோப்பு முழுக்கக் கா என்று ஆமோதித்தது.

நியாயமாம்! வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இந்த வேலி மேய்ந்துவிட்டு, ‘என்னை இன்னும் அடைத்து முடிக்கவில்லையே’ என்று வழக்கும் பேசியது. இனி அந்த ஆளுக்கு என்ன ‘அவர்’ வேண்டிக் கிடக்கிறது?

மையாள் அழவில்லை. அழுகை வருகிற இடத்தையெல்லாம் கோபம் அடைத்துக்கொண்டிருந்தது. "விடியுமுன்னே முழிச்சு முழிச்சுக் காத்தேனே, அந்த முட்டையெல்லாம் யாரு முட்டை? பாம்பு உங்க கூட்டுக்கு ஏறுறப்ப, நீ சேராதவ, நீ வராதன்னு ஒரு வாயும் சொல்லலையே! வேலைக்கு நம்ம மையாள், திங்கிறதுக்கு வெளியாள் முட்டையா? சொல்லுங்கடா!"

கொத்தாளன் கவளத்தை இன்னும் நீட்டிக்கொண்டு, "முறைன்னு ஒண்ணு..." என்று ஆரம்பித்தான்.

முடிக்க விடவில்லை. மையாள் எகிறி அவன் உச்சந்தலையில் கொத்தினாள். கவளம் கீழே விழுந்தது. தன் உடம்பில் பாதி கூட இல்லாத குருவி இப்படிப் பாயும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. கத்திக்கொண்டு கிளையை விட்டுச் சரிந்தான். சிலும்பன் ஓரக்கண்ணனின் முதுகில் ஏறிவிட்டான். தோப்பு அப்போதுதான் எழுந்தது. இத்தனை நாளும் அவர்களுக்காக எழும் என்று மையாள் நம்பிய அதே தோப்பு, அவர்கள் மேல் எழுந்தது. பின்னாலிருந்து காக்கைகள் இருவரின் வாலையும் நடுவில் கவ்விக்கொண்டன. "விடாத! பிடி!" என்று கொத்தாளன் கீழே கிடந்து கத்தினான். மையாள் நின்றுவிடவில்லை, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி முன்னால் பாய்ந்தாள். நடு இறகுகள் பிய்ந்து காக்கைகளின் வாயோடு போயின. ஓரத்து இறகுகள் இரண்டு பக்கமும் வளைந்து நின்றன. சிலும்பனுக்கும் அதே கதிதான்.

"போ! இனிமே நீ கெஞ்சுனாலும் உன்னையச் சேக்க மாட்டோம்!" கொத்தாளன் அப்போதும் கத்தினான். மையாள் திரும்பி வந்தாள். அதற்காகவே திரும்பி வந்து இன்னொரு கொத்துக் கொத்திவிட்டுத்தான் போனாள்.

கூடு வெறுமையாகக் கிடந்தது. அடியில் ஓட்டுத் தூள். சிலும்பன் அவளுடைய வாயோரத்தில் ஒட்டியிருந்த வெள்ளை ஓட்டைத் துடைக்கப் போனான்.

"தொடாதீக" என்றாள். "இருக்கட்டும். வாய் தெறக்கிறப்ப எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கணும்."

சிலும்பன் கூட்டுக்குள்ளிருந்து ஓர் ஓட்டுத் துணுக்கை எடுத்துத் தன் வாயோரத்திலும் ஒட்டிக்கொண்டான். இருவரும் கண்மாய்க் கரைக்குத் திரும்பினார்கள்.

அதன் பிறகு அந்தக் கருவேலத்தை அண்டி ஒரு காக்கை பறக்க முடியவில்லை. சும்மா தண்ணீர் குடிக்கப் போகிற காக்கையைக் கூட இரண்டு பேரும் கண்மாயின் அக்கரை வரைக்கும் அடித்து விரட்டினார்கள். வல்லூறு இந்தச் சண்டையைப் பார்த்துவிட்டு வேறு ஊர் தேடிக்கொண்டது. அடுத்த அடையில் மூன்று குஞ்சும் பொரித்தன.

ஒரு நாள் மஞ்சாயி என்ற மாங்குயில் வந்து பக்கத்துக் கிளையில் தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். வயிற்றில் முட்டையோடு இருந்தாள். அவளுடைய போன அடை முட்டைகளையும் காக்கைகள்தான் தின்றிருந்தன.

"அக்கா, நான் உங்க இனம் இல்ல, நெறமும் வேற. இந்த மரத்துல ஓரமா ஒரு கூடு கட்டிக்கிறேன். என்ன முறையோ செஞ்சிர்றேன். எங்களையும் சேத்துக்குவீகளா?"

மையாளுக்கு உச்சி வரைக்கும் ஏறியது கோபம். "அந்தச் சொல்ல இந்த மரத்துல சொல்லாத! யாரு யாரச் சேக்கிறது? மரம் என்ன எங்கப்பன் நட்டதா? கெளை இருக்கு, நாரு கெடக்கு, கட்டு!"

மஞ்சாயி கிளையில் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். இது வசவா வரவேற்பா என்று அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப, காக்கா வந்தா?"

"வரட்டும்" என்றாள் மையாள். "வரட்டும்னுதான் நான் இங்க உக்காந்திருக்கேன்."

அன்று முதல்தான் கரிச்சானின் வால் நடுவில் பிளந்து இரட்டைவாலாக நிற்கிறது. அதன் வாயோரத்தில் ஒரு துளி வெள்ளை ஒட்டியிருக்கிறது. எத்தனை பெரிய காக்கையைக் கண்டாலும் முதுகில் ஏறிக் கொத்தி விரட்டுகிறது. கரிச்சான் கூடு இருக்கிற மரத்தில் மாங்குயிலும் புறாவும் யாரையும் கேட்காமல் வந்து கூடு கட்டிக்கொள்கின்றன.