கலியமூர்த்தி கேட்டது

சம்பா விதை நெல் கேட்ட கலியமூர்த்திக்குக் குறுவை நெல்லைக் கொடுத்துவிட்டார் வைத்தியலிங்கம். விதைக் கடைக்காரர் செய்யவே கூடாத தவறு. மழை பெய்த மறுநாள், கடையில் நெருக்கித் தள்ளும் கூட்டம். இரண்டு மூட்டைகளும் அடுத்தடுத்து இருந்தன. மூட்டை மாறிவிட்டது.

குறுவைக்குச் சம்பாவைவிட நாள் குறைவு. ஐப்பசி அடைமழையிலேயே பூத்தது. பூவை மழை கழுவிக்கொண்டு போக, கலியமூர்த்தியின் இரண்டு ஏக்கரும் பதராக நின்றது. தையில் வைத்திருந்த மகள் கல்யாணமும் தள்ளிப்போனது. நஷ்டத்தைக் கொடுத்துத் தீர்த்தார் வைத்தியலிங்கம். கல்யாணத்தை எப்படிக் கொடுப்பது?

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இவர் ஊரிலேயே இருக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, குடமுருட்டிக் கரை மடத்துக்கு வந்து விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டார். இரண்டு வருடமாகப் பெருக்கினார். மடத்து வாசல் சுத்தமாயிற்று. அவர் மனசுதான் ஆகவில்லை.

மடத்துத் தலைவி செண்பகத்தம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் வைத்தியலிங்கம் அவரைத் தாயே என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு ஆவணிக் காலையில் கேட்டார். "தாயே, எனக்குக் காவி குடுங்க. கடையை வித்துடறேன்."

"ஏன்யா?"

"மூட்டையைத் தொடவே பயமா இருக்கு."

"காவியை அப்புறம் பாக்கலாம். மடத்து நிலத்துல நாத்தங்கால் தயாரா இருக்கு. டவுனுக்குப் போயி சம்பா விதை வாங்கிட்டு வாங்க."

"வேற யாரையாவது அனுப்புங்க தாயே."

"இங்க விதை தெரிஞ்ச ஆள் வேற யாரு இருக்கா?"

போனார். டவுன் கடையில் வரிசை தெருவரைக்கும் நின்றது. முன்னால் நின்றவர் திரும்பினார். கலியமூர்த்தி.

"அடடே! முதலாளியே வெதைக்கு வரிசையில நிக்கிறாரே!"

வைத்தியலிங்கம் மெல்லக் கேட்டார். "மக... எப்படி இருக்கு?"

"போன தையில கட்டிக் குடுத்தாச்சுங்க. இப்ப முழுகாம இருக்கு."

"அந்த வருஷம் பதரை..."

"மாட்டுக்கு அறுத்துப் போட்டேன். பாத்துக்கிட்டேவா இருக்க முடியும்? அதை வுடுங்க. ரெண்டு பஸ்ஸு மாறி இங்க வர்றேன். நீங்கன்னா ஒரு கைப்பிடியை ஈரத்துணியில மொளை கட்டிக் காட்டிட்டுத்தான் குடுப்பீங்க. இவன்கிட்ட கேட்டா மொறைக்கிறான். போன வருஷம் பாதி மொளைக்கல. ரெண்டாந்தரம் வெதைச்சேன். கடையை எப்பத் தொறப்பீங்க?"

வைத்தியலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

மடத்துக்குத் திரும்பி, விதை மூட்டையை இறக்கி வைத்த கையோடு அழுதார்.

"திட்டினாரா?" என்றார் செண்பகத்தம்மா.

"திட்டியிருந்தா தாங்கியிருப்பேன் தாயே. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தையும் சொல்லலை. அதைக் கேக்காம நான் எப்படி அந்தக் கடையில போயி உக்காருவேன்?"

"அவர் என்னதான் சொன்னார்?"

"போன வருஷம் டவுன் விதை பாதி மொளைக்கலையாம். கடையை எப்பத் தொறப்பீங்கன்னு கேட்டார்."

"நீங்க?"

"ஒண்ணும் சொல்லலை."

செண்பகத்தம்மா சொன்னார்.

"அவருக்கு ஒரு வெள்ளாமை உங்க கையால போச்சு. அடுத்ததுல பாதி விதை உங்க பூட்டால போச்சு. இன்னும் அவரே வந்து மன்னிப்பும் குடுக்கணுமா? போயி அவர் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க ஐயா."