தொட்டியில் விட்ட ஜிலேபி

பொன்னுரங்கம் அறுபது வயதுக்கு மேல் சீடரானவர். குரு வடிவம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். அதை இரண்டு பேருமே பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

பசுமை ரசாயனத் தொழிற்பேட்டை ஒன்றை ஆசை ஆசையாகக் கட்டிய மனுஷர் பொன்னுரங்கம். ஓர் ஆலையின் கழிவு அங்கே அடுத்த ஆலைக்கு மூலப்பொருள். மிஞ்சும் தண்ணீரைச் சுத்திகரித்துக் கடைசித் தொட்டியில் மீன் விடுவார்கள். மீன் பிழைத்தால் தண்ணீர் நல்ல தண்ணீர். அதுதான் பேட்டையின் வழக்கம்.

அந்தத் தண்ணீரை பக்கத்து ஊரான மருதங்குளத்தின் ஏரிக்குத் திறந்துவிட நாள் குறித்தாயிற்று. விடிந்தால் விழா. அம்மையிடம் ஆசி வாங்க மடத்துக்கு வந்தவர், உட்கார்ந்ததும் பொலபொலவென்று அழுதுவிட்டார்.

"என்ன ஐயா இது? கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வருவீங்கன்னு பார்த்தா!"

"ஊர்க்காரங்க மாலை போடப் போறாங்கம்மா. மீன் துள்ளுது, அது போதும்னுட்டாங்க."

"நல்லதுதானே."

"முதல்ல கெண்டைதான் விட்டோம். சாயப்பொடி ஆலை வந்த பிறகு அத்தனையும் செத்து மிதந்துச்சு. மறுபடி விட்டோம். அதுவும் போச்சு."

"அப்புறம்?"

அவர் தலை நிமிரவில்லை.

"ஜிலேபி விட்டேன்."

ஜிலேபி மீனைப் பற்றி யாருக்குச் சொல்ல வேண்டும்? சாக்கடையில் போட்டாலும் குஞ்சு பொரித்துப் பெருகுகிற ஜென்மம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்கு அது வாய்த்தது.

"அந்த ஆலையை அன்னிக்கே நிறுத்தியிருக்கலாம்மா. பேட்டை பேர் கெட்டுடுமேன்னு பயந்துட்டேன். பாவி நான்."

 அம்மை எழுந்து மடத்துக் குளத்துக்குப் போனார். ஒரு கெண்டையைப் பிடித்துக் குடத்துத் தண்ணீரில் விட்டு, குடத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

"என் ஆசி இதுதான். போய் உங்க தொட்டியில விடுங்க."

பொன்னுரங்கம் குடத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். உள்ளே மீன் புரள்வது வயிற்றில் தெரிந்தது.

"வேண்டாம்மா. செத்துடும்."

"ஒத்தை மீன்தானே?"

"தெரிஞ்சே எப்படி விடறது? மனசு வரலையே!"

"ஏரித் தண்ணியைத்தானே அந்த ஊரே குடிக்குது? அதுக்கு மட்டும் மனசு வந்துச்சா?"

"வந்துச்சேம்மா. அதை நினைச்சு நினைச்சுத்தானே சாகறேன். இனிமே நான் என்ன செய்யட்டும்?"

"இந்தக் குடத்தோட இப்பவே மருதங்குளம் போங்க. மீனை ஏன் தொட்டியில விடலேன்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

"சொன்னா ஊரே கூடி என் மூஞ்சியில காறித் துப்புமேம்மா!"

"துப்பட்டும் ஐயா. உங்க தண்ணியைவிட அது சுத்தம்தான்."