ஆயிரம் வருஷம் நிற்கும் சுவர்

வெண்ணிமலை அரண்மனையில் வீரபாகு என்றொரு மராமத்து அதிகாரி இருந்தார். செங்கல்லுக்கும் கருங்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாத மேதாவி! ஆனால் வாயைத் திறந்தால் "நம் முன்னோர் கட்டிய முறை" என்று அளப்பார்.

ராஜா சொக்கலிங்க பூபதி, இளவரசிக்குப் புது மாளிகை கட்டச் சொன்னார்.

"பழைய முறைப்படியே கட்டிவிடலாம், பிரபு! கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளையும் சேர்த்தால் சுவர் ஆயிரம் வருஷம் நிற்கும்" என்றார் வீரபாகு.

அரண்மனையிலிருந்து வண்டி வண்டியாகக் கருப்பட்டி போயிற்று. கூடை கூடையாக முட்டை, மூட்டை மூட்டையாகக் கடுக்காய். எட்டு மாசத்தில் மாளிகை எழும்பியது. முதல் மழைக்கே முன்சுவர் தொப்பென்று விழுந்தது.

ராஜாவுக்குக் கண் சிவந்தது. வீரபாகு முந்திக்கொண்டார்.

"எல்லாம் கொத்தனார் பேச்சிமுத்து செய்த கோளாறு, பிரபு. சாமான் முழுதும் கொடுத்தேன். இவனுக்குக் குழைக்கத் தெரியவில்லை."

"வெட்டுங்கள் இவன் கட்டைவிரல் இரண்டையும்!" என்றார் ராஜா.

பேச்சிமுத்து காலில் விழுந்தார். "மகாராஜா, எனக்கு வந்தது வெறும் சுண்ணாம்பும் மணலும்தாங்க. கேட்டதுக்கு அதிகாரி 'வாயை மூடிக்கிட்டுக் கட்டுடா'ன்னாருங்க. கட்டைவிரல் போனா கரண்டியை எப்படிங்க பிடிப்பேன்?"

ஏழை சொல் அம்பலம் ஏறுமா? வாளோடு காவலன் வந்துவிட்டான். அப்போது அவைப்புலவர் மருதவாணர் எழுந்தார்.

"பிரபு, வெட்டுவதற்கு முன்னால் அதிகாரி வீட்டை ஒருதரம் சோதிக்கலாமே?"

வீரபாகு தொந்தி குலுங்கச் சிரித்தார். "தாராளமாக! ஒரு முட்டை, ஒரு துண்டு கருப்பட்டி கிடைத்தால் என் தலையை எடுங்கள்!"

"அது எப்படி ஐயா கிடைக்கும்? உங்கள் வீட்டில் எல்லாரும் இப்போது வாசற்படியைப் பக்கவாட்டில் அல்லவா தாண்டுகிறீர்கள்! நான் தேடச் சொல்வது கடுக்காயை. அந்தத் துவர்ப்புச் சனியனை எந்தத் திருடனாலும் தின்ன முடியாது. விற்கப் போனால் மூட்டையில் இருக்கும் அரண்மனை முத்திரை காட்டிக்கொடுக்கும்."

வீரபாகுவின் முகம் வெளுத்தது. போன சேவகர்கள் பன்னிரண்டு மூட்டைகளோடு திரும்பினார்கள். ஒன்றின் கட்டுகூடப் பிரிக்கவில்லை.

"அடப்பாவி, எனக்கே கடுக்காய் கொடுத்தாயா!" என்று ராஜா கர்ஜித்தார். "புலவரே, இவனை என்ன செய்யலாம்?"

"பிரபு, நம் கருப்பட்டியும் முட்டையும் இவர் உடம்பில் பத்திரமாக இருக்கின்றன. கடுக்காய் ஒன்றுதான் பாக்கி. அதையும் ஊறவைத்துக் குடிக்கக் கொடுத்து, சுவர் விழுந்த இடத்தில் நிறுத்திவையுங்கள். ஆயிரம் வருஷம் நிற்கட்டும்!"

ராஜா கிரீடம் நழுவச் சிரித்தார். தோளில் இருந்த பட்டுச் சால்வையைப் பேச்சிமுத்துவுக்குப் போர்த்தி, மாளிகைப் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தார். புலவருக்கு ஒரு முத்துமாலை.

வீரபாகுவா? ஒரு சொம்பு கடுக்காய்த் தண்ணீரைக் குடிக்கவைத்து இடிந்த இடத்தில் நிறுத்தினார்கள். ஆயிரம் வருஷமாவது, மண்ணாவது! அரை நாழிகை தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடியே போயிற்று அந்தச் சுவர்!